ஷார்ல் புல்ஸ்: நகைப் பட்டறையிலிருந்து மேயர் நாற்காலிக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ல் புல்ஸ் யார்?

1881 டிசம்பரிலிருந்து 1899 டிசம்பர் வரை, பதினெட்டு ஆண்டுகள், பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் மேயராக இருந்தவர். 1837 அக்டோபர் 13-ல் பிறந்தார். 1914 ஜூலை 13-ல் மறைந்தார். அப்பா பொற்கொல்லர், நகை வியாபாரி. மகனும் அதே தொழிலைக் கற்று அதே கடையில் உட்கார்ந்தவர்தான். பிரபு வம்சம் இல்லை, வக்கீல் பட்டமும் இல்லை. அந்தக் காலத்து பெல்ஜிய அரசியலில் இந்த இரண்டும் இல்லாமல் மேலே வருவது லேசான காரியம் அல்ல.

பிரஸ்ஸல்ஸுக்குப் போகிற எவரும் முதலில் பார்ப்பது கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைத்தான். நான்கு பக்கமும் கல்லில் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டிய முகப்புகளோடு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். அவை இன்றும் அப்படி நிற்பதற்கு முதன்மைக் காரணம் இந்த மனிதர். அங்கே நின்று போட்டோ எடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தப் பக்கம்.

சில இடங்களில் ‘காரெல் புல்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அது வேறு ஆளா?

ஒரே ஆள்தான். பிரஸ்ஸல்ஸ் இரண்டு மொழி பேசும் ஊர். பிரெஞ்சில் ஷார்ல், டச்சில் காரெல். மற்றவர்களுக்கு இது வெறும் மொழிபெயர்ப்பு. இவருக்கு இரண்டு பெயரும் சொந்தம். ஏனென்று கீழே மொழி பற்றிய பதிலில் வருகிறது.

தொழில் எங்கே கற்றார்?

வீட்டில்தான், அப்பாவிடம். பிறகு கலை படிக்கப் பாரிஸில் ஏறக்குறைய ஓர் ஆண்டு, அங்கிருந்து இத்தாலியில் ஒன்பது மாதம். திரும்பி வந்து குடும்பத் தொழிலில் சேர்ந்தார். மற்றதெல்லாம் சொந்த முயற்சியில் படித்தது: கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், ஆங்கிலம், இத்தாலியன் என்று மொழிகள், கட்டடக்கலை, கல்விமுறை.

இத்தாலியில் கழித்த அந்த ஒன்பது மாதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். இருபது வயதைத் தாண்டிய ஒரு நகைத் தொழிலாளி, பழைய தெருக்கள் வளைந்து வளைந்து போய் சட்டென்று ஒரு சதுக்கத்தில் திறக்கும் ஊர்களில் நடந்து திரிகிறான். பின்னாளில் அவர் எழுதியதையும் செய்ததையும் பார்த்தால், அந்தக் கண் அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நகைக்கடைக்காரர் பொதுவாழ்க்கைக்கு எப்படி வந்தார்?

பள்ளிக்கூடத்தின் வழியாக.

1862-ல் ‘மானுட நேசர்கள்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட பிரஸ்ஸல்ஸ் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். ஊரின் லிபரல் சிந்தனையாளர்கள் கூடிப் பேசிய இடம் அது. அப்போது பெல்ஜியத்தில் கட்டாயக் கல்வி கிடையாது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனார்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகளும் பெரும்பாலும் மனப்பாடம் செய்துவிட்டு வீடு திரும்பினார்கள். 1864 டிசம்பரில் சில நண்பர்கள் சேர்ந்து ‘கல்விக் கழகம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் புல்ஸ். பல ஆண்டுகள் அதன் பொதுச் செயலாளராக இருந்து, கடிதம் எழுதுவதிலிருந்து பணம் திரட்டுவது வரை இழுத்துப்போட்டுச் செய்தவரும் அவர்தான்.

கழகம் பேச்சோடு நிற்கவில்லை. நல்ல பள்ளி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகவே 1875-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு ‘மாதிரிப் பள்ளி’யைக் கட்டியது. நடுவில் கூரை வேய்ந்த பெரிய கூடம், சுற்றிலும் வகுப்பறைகள். பாடத்தை ஒப்பிக்க வைக்காமல், பொருளைப் பார்த்தும் தொட்டும் கற்க வைப்பது என்ற முறை. உடற்பயிற்சிக்கும் அறிவியலுக்கும் இடம் இருந்தது. பிறகு அந்தக் கட்டடம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகி அவர் பெயரையே தாங்கியது. 1880-ல் இதே கழகம் பிரஸ்ஸல்ஸில் உலகக் கல்வி மாநாட்டையும் நடத்திக் காட்டியது.

1877-ல் நகரசபை உறுப்பினர். 1879-ல் கல்விக்குப் பொறுப்பான துணை மேயர். அடுத்த இரண்டே ஆண்டில் மேயர்.

மக்கள் ஓட்டுப் போட்டு மேயரானாரா?

இல்லை. பெல்ஜியத்தின் 1836-ம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி, மேயரை நியமிப்பவர் மன்னர். வழக்கமாக நகரசபையில் உள்ள உறுப்பினர் ஒருவரையே நியமிப்பார். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுரிமையும் குறிப்பிட்ட அளவு வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தன் நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்ட மன்னரையே எதிர்த்து நின்றவர் புல்ஸ்.

அவர் ‘லிபரல்’ கட்சி என்கிறார்கள். அன்று அதற்கு என்ன பொருள்?

அன்றைய பெல்ஜியத்தில் கட்சி இரண்டுதான்: கத்தோலிக்கர், லிபரல். சண்டையின் மையம் பள்ளிக்கூடம். குழந்தைக்கு யார் பாடம் சொல்வது, திருச்சபையா, நகராட்சியா? 1879-ல் லிபரல் அரசு, ஒவ்வொரு நகராட்சியும் மதச்சார்பற்ற பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கர்கள் அதைக் ‘கேடுகெட்ட சட்டம்’ என்றார்கள். அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கும், அங்கே வேலை பார்த்த ஆசிரியருக்கும் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஊர் ஊராகக் குடும்பங்கள் பிளந்தன.

1884 தேர்தலில் கத்தோலிக்கர் ஜெயித்து, அந்தச் சட்டத்தைப் புரட்டிப் போட்டார்கள். இனி நகராட்சி விரும்பினால் தன் பள்ளியை மூடிவிட்டுத் திருச்சபைப் பள்ளிக்கு மானியம் கொடுக்கலாம். பிரஸ்ஸல்ஸ் கொந்தளித்தது. செப்டம்பர் 7-ம் தேதி புதிய சட்டத்தை ஆதரித்துக் கத்தோலிக்கர்கள் தலைநகரில் பெரும் ஊர்வலம் நடத்தினார்கள். லிபரல்கள் வழிமறித்துத் தாக்கினார்கள், பலர் அடிபட்டார்கள். ஊரின் காவல்துறை மேயரின் பொறுப்பில் இருந்ததால் பழி புல்ஸ் மேல் விழுந்தது. எதிராளியின் ஊர்வலத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது மேயரின் கடமை; அன்று அது நடக்கவில்லை. அவரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் அதே மாதங்களில் அவர் எடுத்த இன்னொரு வழி கவனிக்கத்தக்கது. நாடெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான நகராட்சிகளை ஒன்றுசேர்த்து, சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று மன்னரிடம் மனுக் கொடுத்தார். மன்னர் கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் பெரிய ஊர்கள் லிபரல் பக்கம் சாய்ந்ததும், கடுமையான நிலைப்பாடு கொண்ட இரண்டு அமைச்சர்களை அவரே விலக்கினார்; பிரதமர் மாலூவும் வெளியேறினார்.

அவர் பொறுப்பேற்றபோது பிரஸ்ஸல்ஸ் எப்படி இருந்தது?

பாதி ஊரை இடித்துக் கட்டியிருந்த நேரம். ஊர் நடுவே ஓடிய சென் ஆறு சாக்கடையாகி நாறியது. 1866-ல் காலரா வந்து உயிர்களை வாரிக்கொண்டு போனது. அப்போது மேயராயிருந்த ஜூல் அன்ஸ்பாக், ஆற்றையே மூடிப் பூமிக்கடியில் விட்டார். 1867-ல் தொடங்கி 1871-ல் முடிந்த வேலை அது. மேலே பாரிஸ் பாணியில் நேர்கோட்டு அகலச் சாலைகள். அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. 1858, 1867 ஆண்டுகளில் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டங்கள், சாலைக்குத் தேவையான மனையை மட்டுமல்ல, சுற்றியுள்ள வட்டாரத்தையே எடுத்துக்கொள்ள நகராட்சிக்கு அதிகாரம் கொடுத்திருந்தன.

இன்னொரு பக்கம், மேட்டின் மேல் நீதிமன்ற அரண்மனை எழுந்துகொண்டிருந்தது. 1866-ல் ஆரம்பித்து 1883 அக்டோபரில் திறந்தார்கள். ஐரோப்பாவின் மிகப்பெரிய கட்டடங்களில் ஒன்று. அதற்காக மரோல் என்ற ஏழைகள் குடியிருப்பில் ஒரு பகுதியே காலி செய்யப்பட்டது. அந்த வட்டாரத்து மக்கள் கோபத்தில் ‘ஸ்கீவெ ஆர்கிடெக்’ என்பார்கள். ‘கோணல் ஆர்க்கிடெக்ட்’ என்று பொருள். அங்கே அது இன்றும் ஒரு வசைச்சொல்.

சென் ஆற்றை மூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காலராவில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பழைய தெருவின் அழகைப் பேச முடியாது. ஆனால் இடிப்பது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. புல்ஸ் நாற்காலியில் அமர்ந்தது அந்த வேளையில்தான்.

கிராண்ட் பிளாஸை அவர் ‘காப்பாற்றினார்’ என்கிறார்கள். உண்மையில் என்ன செய்தார்?

புல்ஸைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சதுக்கத்தின் கதை. 1695 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, தளபதி வில்ருவா தலைமையில், பிரஸ்ஸல்ஸ் மேல் குண்டு மழை பொழிந்தது. ஏறத்தாழ 4,000 வீடுகள் சாம்பல். சதுக்கத்தில் நகரசபைக் கட்டடத்தின் கோபுரமும் சில சுவர்களுமே மிஞ்சின. ஆனால் ஊர் அசரவில்லை. ரொட்டி சுடுவோர், மதுவடிப்போர், படகோட்டிகள், தையற்காரர்கள் என்று ஒவ்வொரு தொழிற்குழுவும் (கில்டு) தன் மாளிகையைப் போட்டி போட்டுக்கொண்டு மறுபடி எழுப்பியது. 1697-ல் நகர நிர்வாகம் ஓர் ஆணை போட்டது: முகப்பின் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்காமல் யாரும் கட்டக்கூடாது. அதனால்தான் ஒவ்வொரு வீடும் வேறுவேறாக இருந்தும் சதுக்கம் ஒரே மூச்சில் கட்டியதுபோல இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்துப் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அந்தத் தொழிற்குழுக்கள் கலைக்கப்பட்டு, மாளிகைகள் தனியார் கைக்குப் போயின. சிலைகள் உடைந்தன, செதுக்கு வேலைகள் சாந்துப் பூச்சுக்குள் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை கடைகளாகவும் வாடகை வீடுகளாகவும் இருந்தன. சொந்தக்காரருக்கு அது ஒரு பழைய கட்டடம். மழை ஒழுகினால் எவ்வளவு குறைந்த செலவில் அடைக்க முடியுமோ அப்படி அடைப்பார். கல் பூவேலை உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

மேயர் என்ன செய்ய முடியும்? தனியார் வீட்டை இடிக்காதே, மாற்றாதே என்று சொல்லப் பழங்காலச் சின்னங்களுக்கான சட்டம் வேண்டும். பெல்ஜியத்தில் அப்படி ஒரு முழுமையான சட்டம் 1931-ல்தான் வந்தது. ஐம்பது ஆண்டு முன்னால் புல்ஸின் கையில் எதுவும் இல்லை. எல்லா வீட்டையும் நகராட்சியே விலைக்கு வாங்கப் பணமும் இல்லை.

அவர் செய்தது ஓர் உடன்படிக்கை. 1883-ல் நகரசபையில் அதை நிறைவேற்றினார். உங்கள் வீடு உங்களுடையதே. உள்ளே நீங்கள் என்ன வியாபாரம் செய்தாலும் சரி. ஆனால் சதுக்கத்தைப் பார்த்த முகப்பை மட்டும் எங்களிடம் விடுங்கள். அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதும், பிறகு காலாகாலத்துக்கும் பராமரிப்பதும் நகராட்சியின் பொறுப்பு. அதற்கு நீங்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டினால் போதும். முகப்பில் இனிமேல் நீங்களாக எதையும் மாற்றக்கூடாது.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். வீட்டுக்காரருக்குப் பெரிய செலவு திடீரென்று வந்து நிற்காது; ஆண்டுக்கு இவ்வளவு என்று தெரிந்த தொகை. நகராட்சிக்கோ சொத்தை வாங்கும் சுமை இல்லாமல் அழகின் மேல் நிரந்தர உரிமை. வழக்கு இல்லை, பறிமுதல் இல்லை. கடை நடத்தித் தெரிந்த ஒருவர் யோசித்த ஏற்பாடு இது என்பது பார்த்தாலே தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டுத்தான் பேரம் தொடங்கியிருக்கிறார்.

வேலை ஒரே நாளில் முடியவில்லை. நகராட்சிக் கட்டடக்கலைஞர் ஷாமேர், அடோல்ஃப் சமின் போன்றவர்கள் பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, உடைந்த சிலை எங்கே நின்றது, எந்தப் பூவேலைக்குத் தங்க ரேக்கு இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். புல்ஸ் பதவி விட்டு, காலமாகி, உலகப் போரும் முடிந்து, 1920-கள் வரை சீரமைப்பு தொடர்ந்தது. 1998-ல் யுனெஸ்கோ கிராண்ட் பிளாஸை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பழைய நகை கொண்டுவருகிறவரிடம் தட்டான் இரண்டு வழி சொல்வார். ஒன்று, உருக்கிப் புதுசாகச் செய்துவிடலாம். இன்னொன்று, விட்டுப்போன இடத்தைப் பற்றவைத்து, மெருகு போட்டு, அதே நகையாகத் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவதில் வேலை அதிகம். புல்ஸ் ஓர் ஊருக்கே அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

‘நட்சத்திர வீடு’ கதை என்ன?

நகரசபைக் கட்டடத்தை ஒட்டி, சதுக்கத்திலேயே மிகச் சிறிய வீடு ஒன்று உண்டு. பெயர் லெத்வால், அதாவது நட்சத்திரம். 1388-ல் எவரார்த் த்செர்க்ளேஸ் என்ற பிரஸ்ஸல்ஸ் வீரர் எதிரிகளால் தாக்கப்பட்டு உயிர்விட்டது இந்த வீட்டில்தான். 1852-ல் தெருவை அகலப்படுத்த அதை இடித்துத் தள்ளினார்கள். அதே ஆண்டு, நாடுகடத்தப்பட்ட விக்டர் ஹ்யூகோ இதே சதுக்கத்தில் ‘புறா’ என்ற வீட்டில் குடியிருந்தார்.

பல்லில் ஒன்று விழுந்ததுபோல நாற்பத்தைந்து ஆண்டு அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. புல்ஸ் அதை மறுபடி கட்ட வைத்தார். 1897-ல் வேலை முடிந்தது. ஆனால் தெருவில் வண்டியும் ஆளும் போக வேண்டுமே! அதற்கும் வழி கண்டார்கள். மேல்தளங்களைப் பழையபடி எழுப்பி, தரைத்தளத்தை மட்டும் தூண்கள் தாங்கும் திறந்த நடைவழியாக விட்டுவிட்டார்கள். வீடும் திரும்பி வந்தது, வழியும் அடைபடவில்லை. இந்தத் தெருவுக்குத்தான் இன்று ‘ஷார்ல் புல்ஸ் தெரு’ என்று பெயர்.

அப்படியானால் அவர் பழமைவாதியா? புதிதாக எதுவும் கட்டவில்லையா?

இல்லவே இல்லை. 1893-ல் நகரங்களின் அழகு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது பிற மொழிகளுக்கும் போனது. அதில் அவர் சுகாதாரத்தையும் போக்குவரத்தையும் ஒதுக்கவில்லை. அவை வேண்டும் என்றே தொடங்குகிறார். அவர் எதிர்த்தது, வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டு, கோட்டில் மாட்டியதையெல்லாம் இடிக்கும் புத்தியை. மேடு பள்ளத்தையும் பழைய தெருவின் போக்கையும் மதித்துச் சாலை போட வேண்டும் என்றார். பெரிய தேவாலயத்தைச் சுற்றியுள்ள வீடுகளை அகற்றிவிட்டு அதைத் தனியாக வெட்டவெளியில் நிறுத்துவது அதன் அழகைக் குலைக்கும் என்றும் எச்சரித்தார்.

புதுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: மரோல் பகுதியில் தொழிலாளர் பிள்ளைகளுக்கென நகராட்சி ஒரு மழலையர் பள்ளி கட்டியபோது, அந்த வேலை போனது விக்டர் ஹோர்ட்டாவிடம். ஆர் நூவோ என்ற, கொடிபோல வளையும் கோடுகள் கொண்ட கட்டடக்கலைப் பாணியின் தந்தை என்று இன்று உலகம் கொண்டாடும் அதே ஹோர்ட்டா. 1895-ல் தொடங்கிய அந்தக் கட்டடம் சேன் கிஸ்லேன் தெருவில் இருக்கிறது. ஏழைக் குழந்தைக்கு மட்டமான கட்டடம் போதும் என்று நினைக்காத நிர்வாகம் அது. எனக்கு கிராண்ட் பிளாஸுக்கு இணையாக மனதில் நிற்பது இந்தச் சின்னப் பள்ளிதான்.

மன்னரோடு ஏன் மோதினார்?

இரண்டாம் லியோபோல்டுக்குத் தலைநகரைப் பிரம்மாண்டமாக்க வேண்டும் என்ற தீராத ஆசை. அரண்மனை இருக்கும் மேல்நகரத்துக்கும் கீழே உள்ள பழைய ஊருக்கும் நடுவே ஒரு சரிவு உண்டு. அங்கே சேன் ரோக் என்ற நெருக்கமான பழைய குடியிருப்பு. அதை வழித்தெடுத்துவிட்டு அருங்காட்சியகங்களும் நூலகமும் கொண்ட ‘கலைகளின் குன்று’ ஒன்றை எழுப்ப மன்னர் திட்டமிட்டார்.

புல்ஸ் அந்தச் சரிவைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. தெருவின் செங்குத்தைக் குறைக்க அவரிடமே ஒரு யோசனை இருந்தது. ஆனால் மொத்த இடிப்புக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரின் வரலாறு அந்தச் சரிவில் இருக்கிறது என்பது ஒன்று. ஊரின் கஜானாவுக்கு அது தாங்காது என்பது இன்னொன்று. பேச்சுவார்த்தைகள் இழுத்துக்கொண்டே போயின. 1899 டிசம்பரில் அவர் பதவி விலகினார். எமில் த மோ அடுத்த மேயரானார்.

குடியிருப்பு இடிக்கப்பட்டது. அதன்பின் பணம் வரவில்லை, கட்டடமும் வரவில்லை. பல ஆண்டு பொட்டலாகக் கிடந்த இடத்தில், 1910-ல் உலகக் கண்காட்சியை முன்னிட்டு அவசரமாக ஒரு தோட்டம் போட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட அந்தத் தோட்டத்தை மக்கள் விரும்பத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதையும் கலைத்துத்தான் இன்றைய நூலகமும் மண்டபங்களும் வந்தன.

மொழிப் பிரச்சினையில் அவர் யார் பக்கம்?

அன்றைய பிரஸ்ஸல்ஸில் சாதாரண மக்களில் பெரும்பாலோர் பேசியது ஃபிளமிஷ், அதாவது டச்சின் ஒரு வடிவம். நிர்வாகம், நீதிமன்றம், பெரிய மனிதர்களின் வரவேற்பறை எல்லாம் பிரெஞ்சு. ஃபிளமிஷ் பேசும் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போனால், முதல் நாளே புரியாத மொழியில் பாடம்.

புல்ஸ் டச்சு மொழி வளர்ச்சிக்காகப் பாடுபட்ட வில்லம்ஸ்ஃபோண்ட்ஸ் அமைப்பின் பிரஸ்ஸல்ஸ் கிளைக்குத் தலைவராக இருந்தவர். கல்விப் பொறுப்பில் இருந்தபோது, 1881-ல், நகராட்சிப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே பாடம் தொடங்க வேண்டும். பிரெஞ்சைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய வாதம் இனப்பெருமையை வைத்து அல்ல, ஆசிரியராக யோசித்து வந்தது: புரியாத சொல்லில் கேட்டது மூளையில் தங்காது. பிரெஞ்சைக் கைவிட வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அதனால் தீவிர ஃபிளமிஷ் இயக்கத்தார் அவரை முழுதாக ஏற்கவில்லை. பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு இதுவே அதிகம்.

காங்கோவுக்குப் போனாரா?

போனார். 1898 ஜூலையில் மத்தாடியிலிருந்து லியோபோல்ட்வில் வரை போட்ட ரயில்பாதையின் திறப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட விருந்தினர்களில் அவரும் ஒருவர். பார்த்ததை எழுதி அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அன்று காங்கோ பெல்ஜிய நாட்டின் காலனி கூட அல்ல, லியோபோல்டின் தனிச் சொத்து. ரப்பருக்காக அங்கே நடந்த கொடுமைகள் பின்னர் உலகறிந்தவை. அந்த ரயில்பாதை போடும்போது மட்டும் செத்தவர்கள், அதிகாரபூர்வக் கணக்கின்படியே, ஆப்பிரிக்கரும் பிறருமாகத் தொழிலாளர்கள் 1,800 பேர், ஐரோப்பியர் 132 பேர். 1897-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின்போது பக்கத்து டெர்வூரனில் 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். அவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். புல்ஸ் மேயராயிருந்த காலம் அது. தன் ஊரில் சரிந்த ஒரு கல்லுக்காக வருந்தத் தெரிந்த தலைமுறை, அங்கே சரிந்த உடல்களைப் பார்க்கவில்லை. இவரைப் பற்றி எழுதும்போது இதை ஓரத்தில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பதவிக்குப் பிறகு?

பயணமும் எழுத்தும். சியாம், அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போய்வந்து 1901-ல் ஒரு பயண நூல் வெளியிட்டார். பழைய கட்டடங்களை எந்த அளவுக்குச் சீரமைக்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது பற்றித் தொடர்ந்து எழுதினார்.

1914 ஜூலை 13-ல், எழுபத்தாறு வயதில் காலமானார். மூன்று வாரமும் ஒரு நாளும் கழித்து, ஆகஸ்ட் 4-ல், ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது.

இன்று பிரஸ்ஸல்ஸில் அவரை எங்கே பார்க்கலாம்?

இரண்டு இடம். கிராண்ட் பிளாஸிலிருந்து சில நிமிட நடையில் அகோரா சதுக்கம் இருக்கிறது. அங்கே நீரூற்றின் விளிம்பில், பீடம் இல்லாமல், மனிதர் உயரத்துக்கே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய நாய். ஹென்றி லெனார்ட்ஸ் செய்த வெண்கலச் சிலை, 1999-ல் வைத்தது. பயணிகள் அருகில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றைப் பார்க்க, அந்த நட்சத்திர வீட்டின் தூண்களுக்கிடையே போக வேண்டும். அங்கே த்செர்க்ளேஸ் வீரர் படுத்த கோலத்தில் வெண்கலத்தில் இருக்கிறார். அவர் கையைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை; ஆயிரமாயிரம் பேர் தடவித் தடவி அந்தக் கை பொன்போல மின்னும். தடவிவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். அதே சுவரில் 1899-ம் ஆண்டுப் பலகை ஒன்று இருக்கிறது, விக்டர் ரூசோ என்ற சிற்பி செய்தது. பதவியை விட்டுப் போன ஆண்டில் புல்ஸுக்கு நன்றி சொல்லி வைத்தது அது.